இரண்டு வாசலுக்கு ஒரு கண்

காலை ஏழு மணிக்கே இருபத்துநான்கு பேர் பத்திரமாக வெளியே வந்துவிட்டார்கள் என்று கையெழுத்துப் போட்டுவிடுவேன். அந்த நேரத்தில் அவர்களில் ஒருத்தர்கூட உள்ளே போயிருக்க மாட்டார்கள். முன்வாசல் அறை மேசையில் நீளமான ரெஜிஸ்டர் ஒன்று இருக்கும். பெயர், உள்ளே போன நேரம், வெளியே வந்த நேரம், 'உடை முறைப்படி கழற்றப்பட்டது' என்று அச்சடித்த கட்டம், அதற்குப் பக்கத்தில் பார்த்தவர் கையெழுத்து. நேரத்தை மட்டும் விட்டுவிட்டு, மேலிருந்து கீழே இருபத்துநான்கு கையெழுத்தையும் ஒரே மூச்சில் போட்டு முடித்த பிறகுதான் கையுறை மாட்டுவேன். சோம்பேறித்தனம் என்று நினைக்க வேண்டாம். எனக்கு ஒரு ஷிஃப்டுக்கு நாலு ஜோடி கையுறைதான் கொடுப்பார்கள். ஒவ்வொருத்தர் வெளியே வரும்போதும் கையுறையைக் கழற்றி, குளோரின் தண்ணீரில் கை கழுவி, கையெழுத்துப் போட்டு, மறுபடி புது ஜோடி மாட்டினால் ஒன்பது மணிக்கே கையுறை தீர்ந்துவிடும். போதாததற்கு, குளோரின் பட்ட கையோடு எழுதினால் பேனா மை வெளுத்துப் போகும். காலையில் உலர்ந்த கையால் போட்டுவிட்டால் என் கையெழுத்து மணி மணியாக இருக்கும். வெளியே வந்த நேரத்தைச் சுவரில் சாக்பீஸால் குறித்துவைத்து, ஷிஃப்ட் முடிந்ததும் பார்த்து எழுதிவிடுவேன்.

என் வேலை பார்ப்பது. அவ்வளவுதான். காய்ச்சல் வார்டுக்குள் போகிறவர்கள் தலை முதல் கால் வரை மூடிய உடை போட்டுக்கொண்டு போகிறார்கள். அதை நாங்கள் சாக்கு என்போம். போடும்போது ஆபத்தில்லை, கழற்றும்போதுதான். வெளிப்பக்கம் முழுக்க நோய். எந்தக் கை எதைத் தொட்டது என்பதில் ஒரு தப்பு வந்தால் போதும். கழற்றுவதற்குப் பதினொரு படிகள். ஒவ்வொன்றையும் நான் சத்தமாகச் சொல்ல வேண்டும், அவர்கள் செய்ய வேண்டும், சரியாகச் செய்தால்தான் அடுத்ததைச் சொல்ல வேண்டும். எட்டாவது படி கண்ணாடி. குனிந்து, கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, பின்னாலிருந்து பட்டையைப் பிடித்துத் தூக்க வேண்டும். அந்த நேரத்தில் அவர்களால் பார்க்க முடியாது, அவர்களுக்கும் சேர்த்து நான்தான் பார்க்க வேண்டும். அப்படித்தான் எனக்குக் கண்ணு என்று பெயர் வந்தது. வயதில் சின்னவர்கள் கண்ணக்கா என்பார்கள். இருபது வருடம் இதே ஆஸ்பத்திரியில் கட்டில் தள்ளி, விரிப்பு மாற்றி, என் சொந்தப் பெயர் எனக்கே மறந்துபோகிற மாதிரி ஆயாவாக இருந்தவள் நான். காய்ச்சல் வந்துதான் எனக்கு ஒரு பெயர் கிடைத்தது.

"ஊரே கண்ணு படக் கூடாதுன்னு பயப்படுது. நாங்கதான் உங்க கண்ணு படலைன்னா செத்தோம்" என்பாள் ரேடியோ. நர்சுகளில் அவள்தான் வயதில் குறைந்தவள். உள்ளே போகும்போது பேச ஆரம்பித்தால் வெளியே வரும்வரை ஓயமாட்டாள், அதனால் அந்தப் பெயர். சாக்குக்குள்ளிருந்து வரும் பேச்சு பாதி புரியாது. ஆனாலும் பேசுவாள். நான் படியைச் சொன்னால் அதைத் திருப்பிச் சொல்லி, கூடவே ஒரு நக்கலையும் சேர்ப்பாள். "நாலு. ஜிப்பு." "நாலு. ஜிப்பு. என் மாமியார் வாய்க்கும் இப்படி ஒன்னு இருந்தா தேவலை." சிரித்தால் முகக்கவசம் நகரும், சிரிக்காதே என்று அதட்டுவேன். அதட்டிக்கொண்டே நானும் சிரிப்பேன்.

ஆரம்பத்தில் நாங்கள் இரண்டு பேர் இருந்தோம். நர்சுகளும் டாக்டர்களும் வருகிற முன்வாசலுக்கு நான், துப்புரவுக்காரர்கள் வருகிற பின்வாசலுக்கு இன்னொருத்தி. மேலிடத்திலிருந்து யாரோ பார்வையிட வருகிறார்கள் என்று அவளைத் தூக்கிப் பெரிய கேட்டில் நிறுத்தி, வருகிறவர்களின் நெற்றியில் காய்ச்சல் பார்க்க வைத்தார்கள். பார்வையிட வந்தவர்கள் அரை மணி நேரத்தில் போய்விட்டார்கள், அவள் கேட்டிலேயே தங்கிவிட்டாள். இரண்டு வாசலுக்கும் நான் ஒருத்தி. நடுவில் நடைபாதை, என் காலுக்கு அறுபத்திரண்டு எட்டு. பின்வாசல் ரெஜிஸ்டரிலும் காலையிலேயே கையெழுத்துப் போட ஆரம்பித்தேன்.

அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் உடைக்குள் இருக்கக் கூடாது என்று சுவரில் பெரிய எழுத்தில் ஒட்டியிருக்கிறது. ரேடியோ உள்ளே போய் மூன்றே முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. மாற்றிவிட வேண்டிய நர்சு வரவில்லை. மதியம் இரண்டு மணிக்கு அவள் கழற்றும் அறையின் சிவப்புக் கோட்டில் வந்து நின்றாள். கண்ணாடிக்குள் ஆவி படிந்து முகமே தெரியவில்லை. ஒரு வார்த்தை பேசவில்லை. ரேடியோ பேசாமல் நின்றதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். தெளிப்பானை எடுத்து, "ஒன்னு" என்று வாயைத் திறக்கிறேன், பின்வாசலிலிருந்து அலறல்.

துப்புரவு வேலை பார்க்கிற நெட்டையண்ணன் விழுந்துவிட்டார். அவருக்கு அந்தப் பெயர் வைத்த புண்ணியவான் யாரென்று தெரியாது, ஆளே நாலே முக்கால் அடி. சாக்கு எல்லாமே ஒரே அளவில்தான் வரும், ஆறடி ஆளுக்கு. மிச்சத்தைக் கணுக்காலில் மடித்து டேப் ஒட்டிக்கொண்டு நடப்பார். டேப் பிய்ந்து, சொந்தக் காலையே மிதித்து, கழிவு வாளியோடு வாசலில் குப்புற விழுந்திருந்தார். முகக்கவசம் ஒரு பக்கம் ஏறியிருந்தது.

"ரெண்டே நிமிஷம், எதையும் தொடாம நில்லு" என்று ரேடியோவிடம் கத்திவிட்டு ஓடினேன்.

இரண்டு நிமிடம் பன்னிரண்டு நிமிடம் ஆனது. அவர் மேல் குளோரின் அடித்து, எழுந்து நிற்க வைத்து, நடுங்குகிற ஆளுக்குப் பதினொரு படியையும் ஒவ்வொன்றாகச் சொல்லி வெளியே எடுத்தேன். அவர் பிழைத்தார், இன்றைக்கும் வேலைக்கு வருகிறார். நான் திரும்பி வந்தபோது ரேடியோவின் சாக்கு கழிவுத் தொட்டிக்குள் கிடந்தது. அவள் தொட்டிக்கு அந்தப் பக்கம் தரையில் உட்கார்ந்து, முழங்காலில் தலையை வைத்திருந்தாள். முடி முழுக்க வேர்வை.

"முடியலக்கா. மூச்சு முட்டிருச்சு. உள்ளேயே விழுந்துருவேன் போல இருந்துச்சு."

"எல்லாம் வரிசையா பண்ணியா?"

"பண்ணிட்டேன்னுதான் நினைக்கிறேன்."

"கண்ணாடி?"

அவள் யோசித்தாள். "குனிஞ்சேன். கண்ணை மூடிக்கிட்டேன். அப்புறம்... தெரியலக்கா. பண்ணிட்டேன்."

சுவரில் அவள் பெயருக்கு நேரே சாக்பீஸ் குறி இல்லை. ஷிஃப்ட் முடிந்து ரெஜிஸ்டரைத் திறந்தபோது ஒன்பதாவது வரிசையில் என் கையெழுத்து காலையிலிருந்தே உட்கார்ந்திருந்தது. அடித்துவிடலாம் என்று ஒரு நொடி தோன்றியது. அடித்தால் ஏன் என்று கேட்பார்கள். குத்துமதிப்பாக இரண்டு பத்து என்று எழுதி மூடிவைத்தேன்.

ஒன்பது நாள் கழித்து அவளுக்குக் காய்ச்சல் வந்தது.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். வேலையில் நோய் பிடித்த ஊழியர்களுக்கென்று ஆஸ்பத்திரியில் தனி வார்டு இருக்கிறது. ஆறு கட்டில், மூன்று பேருக்கு ஒரு நர்சு, மணிக்கொரு தடவை வந்து பார்ப்பார்கள். வெளியில் நோய் பிடித்தவர்களுக்குத் தகரக் கொட்டகை. நாற்பது கட்டில், இரண்டு நர்சு. அங்கே ஒருத்தர் வாயில் தண்ணீர் ஊற்ற ஆள் வந்து சேர்வதற்குள் அவருக்குத் தாகமே அடங்கிப் போயிருக்கும். ரேடியோ எந்தப் பக்கம் என்று முடிவு செய்யக் கமிட்டி உட்கார்ந்தது. ரெஜிஸ்டரைப் பார்த்தார்கள். மூன்று வாரத்தில் ஒரு பிழை இல்லை, ஒரு அடித்தல் இல்லை. எனவே தொற்று வெளியில்தான் ஏற்பட்டிருக்க வேண்டும் என்று எழுதினார்கள். அவளைக் கொட்டகையில் போட்டார்கள். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிற அவள் வீட்டுக்காரர்தான் எங்கிருந்தோ கொண்டுவந்து கொடுத்தார் என்று பேச்சு கிளம்பி, அவர் தெருவில் யாரும் அவர் முகத்தில் விழிப்பதில்லை.

பெரிய டாக்டர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். தொலைந்தேன் என்று போனேன். எழுந்து நின்று வரவேற்றார்.

"வாங்கம்மா. இவ்வளவு பெரிய ஆஸ்பத்திரியில உங்க ரெஜிஸ்டர் ஒன்னுதான் ஒழுங்கா இருக்கு. கமிட்டியே சொல்லிச்சு. மத்த ஆஸ்பத்திரிக்கெல்லாம் மாதிரிக்கு அனுப்பப் போறாங்களாம்."

அவர் கண்கள் சிவந்திருந்தன. எத்தனை நாள் தூங்கவில்லையோ. கெட்ட மனுஷர் இல்லை. நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன், போன் அடித்தது, அவர் எடுத்துப் பேச ஆரம்பித்தார். நான் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தேன். வாழ்நாளில் என்னை யாரும் அப்படிப் பாராட்டியதில்லை. வராந்தாவில் குழாயடியில் நின்று வாய் கொப்பளித்தேன், அப்போதும் கசப்பு போகவில்லை.

வீட்டில் சொன்னேன். என் வீட்டுக்காரர் முடிவெட்டுகிறவர். பெண்டாட்டி காய்ச்சல் வார்டில் வேலை பார்க்கிறாள் என்று தெரிந்த நாளிலிருந்து அவர் நாற்காலியில் ஒரு தலை உட்காரவில்லை. சாயங்காலம் கடையைத் திறந்து, கண்ணாடியைத் துடைத்து, கத்தியைத் தீட்டி, பூட்டிவிட்டு வருவார். நான் பேசி முடிக்கும்வரை சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"நீ போய்ச் சொல்லிட்டா அவ பிழைச்சிருவாளா?"

"தெரியாது."

"உன் வேலை போயிரும். அது தெரியுமில்ல?"

"தெரியும்."

"அப்ப தெரிஞ்சதைப் பாரு. தெரியாததுக்கு எதுக்கு அழுவுற?"

அப்போதுதான் நான் அழுதுகொண்டிருந்தது எனக்கே தெரிந்தது. அவர் சொன்னதில் தப்பில்லை. தன் மூக்கு அறுபடும் என்று தெரிந்து யார் கத்தியை எடுத்துக் கொடுப்பார்கள்? இரண்டு நாள் சும்மா இருந்தேன். இரண்டு நாளும் காலையில் கையெழுத்துப் போடும்போது ஒன்பதாவது வரிசை வந்தால் பேனா தயங்கியது, ஆனாலும் போட்டேன்.

மூன்றாம் நாள் மதியம் கொட்டகைக்குப் போனேன். பார்க்க வருகிறவர்களுக்கென்று வேலிக்கு இந்தப் பக்கம் கயிறு கட்டியிருந்தார்கள். அந்தப் பக்கம் கெட்டியான பிளாஸ்டிக் திரை, அதற்கடுத்து வரிசையாகக் கட்டில்கள். அவள் ஓரக் கட்டிலில் இருந்தாள், அது ஒன்றுதான் நல்லது. இளைத்துப்போய் விரிப்போடு விரிப்பாக இருந்தாள். தலைமாட்டில் தண்ணீர் பாட்டில் மூடி திறக்காமல் நின்றது. கைக்கு எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது, ஆனால் மூடியைத் திருகக் கையில் தெம்பு வேண்டுமே. நர்சு இருபது கட்டில் தள்ளி யாரையோ புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"கண்ணக்கா" என்றாள். குரல் அடித்தொண்டையிலிருந்து வந்தது.

"பேசாதே. தெம்பை வச்சுக்கோ."

"ரேடியோவைப் பேசாதேன்னா எப்படி." சிரிக்கப் பார்த்தாள். பிறகு கையைக் கொஞ்சம் தூக்கி என்னைக் கிட்டே வரச் சொன்னாள். கயிறு வயிற்றில் அழுந்தும்வரை போனேன். "கமிட்டிக்காரங்க வந்து கேட்டாங்க. அன்னைக்குக் கழட்டும்போது ஆள் இருந்தாங்களான்னு. நீங்க இருந்தீங்கன்னு சொல்லிட்டேன். நீங்களும் அப்படியே சொல்லிருங்க. ரெண்டு பேரும் ரெண்டு மாதிரி சொல்லிறப் போறோம்."

"ஏன்டி அப்படிச் சொன்ன?"

"உங்க வீட்ல ஒரு சம்பளம்தானே." கண்ணை மூடிக்கொண்டாள். "காய்ச்சல் எங்கே போட்டாலும் காய்ச்சல்தானேக்கா. இறங்கிரும்னு நினைச்சேன்."

அவளுக்கு இருபத்தேழு வயது. கட்டில் வித்தியாசம் என்னவென்று அவளுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும், அந்தக் கொட்டகையில் ஒரு மாதம் வேலை பார்த்தவள் அவள். எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட ஆத்திரம்தான் வந்தது. யார் மேல் என்று தெரியாத ஆத்திரம். என் மேல், அவள் மேல், கேட்டில் நின்று வருகிறவர் போகிறவர் நெற்றியைப் பார்த்துக்கொண்டிருந்தவள் மேல்கூட.

நேரே முன்வாசலுக்குப் போய் ரெஜிஸ்டரை எடுத்தேன். பின்வாசலுக்குப் போய் அந்த ரெஜிஸ்டரையும் எடுத்தேன். இரண்டையும் இடுக்கிக்கொண்டு பெரிய டாக்டர் அறைக்குள் போனேன். அவர் டீயில் ரொட்டியை நனைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மேசையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்துவைத்தேன்.

"என்னம்மா இது?"

"ரெண்டையும் சேத்துப் பாருங்க சார். ரெண்டு வாரம் முந்தின செவ்வாய்க்கிழமை ரெண்டு பத்துக்கு முன்வாசல்ல ரேடியோ சிஸ்டரைப் பாத்திருக்கேன். அதே ரெண்டு பத்துக்குப் பின்வாசல்ல நெட்டையண்ணனைப் பாத்திருக்கேன். நான் என்ன பேயா?"

இரண்டு விரலை இரண்டு வரிசையிலும் வைத்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். ரொட்டித் துண்டு டீக்குள் விழுந்து கரைந்தது. கையெழுத்து எப்போது போடுகிறேன், ஏன் போடுகிறேன், அன்றைக்கு என்ன நடந்தது, எல்லாவற்றையும் சொன்னேன். அந்த சிஸ்டர் பொய் சொன்னது எனக்காக என்றும் சொன்னேன். முடித்ததும் இழுப்பறையைத் திறந்து மூன்று கடித நகல்களை எடுத்துப் போட்டார்.

"இன்னொரு ஆள் வேணும், கையுறை வேணும், சின்ன அளவுல உடை வேணும். மூணு தடவை எழுதிட்டேன். பதிலே இல்ல." நெற்றியைத் தேய்த்தார். "நீங்க சொல்றதை நான் மேல அனுப்பினா என்ன ஆகும் தெரியுமா? இந்த ரெண்டு புத்தகத்துல இருக்கிற அத்தனை கையெழுத்தும் பொய்யாயிரும். உள்ளே போய் வந்த எல்லாரையும் மூணு வாரம் வீட்ல உக்கார வைக்கச் சொல்லுவாங்க. உள்ளே இருக்கிற தொண்ணூறு பேரை யாரும்மா பாக்கிறது? நீங்களா, நானா?"

"எல்லாம் பொய்யில்ல சார். கையெழுத்தைத்தான் முன்னாடி போட்டேன். ஒவ்வொருத்தரையும் நின்னு பாத்தேன். ஒரு ஆள் போனப்புறம்தான் அடுத்த ஆளைக் கூப்பிடுவேன். அந்த ஒன்னைத்தான் பாக்கல."

"அதை நீங்க சொல்றீங்க. புத்தகம் சொல்லாதே."

வெளியே ஒரு ஆம்புலன்ஸ் பின்பக்கமாக வந்து நின்றது, கதவு திறந்தது, மூடியது.

"அந்தப் பொண்ணு கட்டில் நம்பர் என்ன?" என்றார்.

போனில் சொன்னார். ஊழியர் வார்டில் ஒரு கட்டில் காலி, மாற்றுங்கள், காகிதம் பின்னால் வரும். பிறகு ஒரு வெள்ளைத்தாளை என் பக்கம் தள்ளினார். நான் சொன்னதை எழுதிக் கொடுத்தேன். அவர் அதைப் படித்துவிட்டு, தன் மூன்று கடிதங்களோடு சேர்த்து இழுப்பறையில் வைத்து மூடினார். வெள்ளிக்கிழமை கமிட்டி உட்காரும் என்றார். அங்கே அதைக் கொடுப்பாரா மாட்டாரா என்று நான் கேட்கவில்லை.

சாயங்காலம் நாலு மணிக்கு அவளைத் தள்ளுவண்டியில் கொண்டுபோனார்கள். நான் நடைபாதையில் ஓரமாக நின்றேன். வண்டி என்னைத் தாண்டும்போது கண் திறந்திருந்தது, ஆனால் என்னைப் பார்க்கவில்லை. வாய் அசைந்துகொண்டே இருந்தது. கிட்டே போக முடியாது. தள்ளிக்கொண்டு போன நர்சுதான் பிறகு சொன்னாள், ஏதோ எண்ணிக்கொண்டே வந்தாளாம், எட்டு வரை வந்து மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தாளாம். ஊழியர் வார்டு டாக்டர் பார்த்துவிட்டு, நாலு நாள் முன்னால் வந்திருந்தால் என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாராம்.

மறுநாள் வியாழக்கிழமை. ஏழு மணிக்கு ரெஜிஸ்டரைத் திறந்தேன். இருபத்துநான்கு வரிசையும் வெறுமையாகக் கிடந்தன. பேனாவை மேசையில் வைத்துவிட்டுக் கையுறை மாட்டிக்கொண்டேன்.

முதலில் வெளியே வந்தவள் ஊழியர் வார்டு நர்சு, வயதில் மூத்தவள். சிவப்புக் கோட்டில் நின்று கைகளை விரித்தாள். ராத்திரி ரேடியோ எப்படி இருந்தாள் என்று கேட்க வாய் துடித்தது. கழற்றும்போது வேறு பேச்சு பேசக் கூடாது. அவள் கண்ணாடிக்குள் பார்த்தேன், ஆவி படிந்திருந்தது, ஒன்றும் தெரியவில்லை.

"ஒன்னு. வெளிக் கையுறை."

நாலாவது படியில் இருக்கும்போது பின்வாசலில் கதவைத் தட்டினார்கள். "கண்ணக்கா!" நெட்டையண்ணன் குரல். கழற்ற வந்துவிட்டார்.

"நில்லுங்கண்ணே! எதையும் தொடாதீங்க!"

"எவ்வளவு நேரம்மா? மூச்சு முட்டுது!"

நர்சு கைகளை விரித்தபடி என்னைப் பார்த்தாள். நான் நகரவில்லை. ஐந்து என்றேன். ஆறு என்றேன். அறுபத்திரண்டு எட்டுக்கு அப்பாலிருந்து கதவு தட்டுகிற சத்தம் விடாமல் வந்தது.

"எட்டு. குனி. கண்ணை மூடு."

அவள் குனிந்து கண்ணை மூடினாள். நான் கண்ணைச் சிமிட்டாமல் அவள் விரல்களையே பார்த்தேன். பட்டையைப் பிடித்தது, தூக்கியது, முகத்தில் எங்கும் படவில்லை. பதினொன்று முடிந்ததும் கையுறையைக் கழற்றிப் போட்டு, குளோரின் தண்ணீரில் கையை முக்கி எடுத்து, சொட்டச் சொட்ட ஓடிப்போய் முதல் வரிசையில் கையெழுத்துப் போட்டேன். பின்வாசலில் தட்டுகிற சத்தம் நின்றிருந்தது. என் பெயரின் முதல் எழுத்து வெளுக்க ஆரம்பித்திருந்தது.